குவாங்சோவில் குடும்பத்தோடு முதல் மூன்று நாட்கள்

உங்கள் கேள்வி இதுதான்: நவம்பர் கடைசியில் மனைவி, 11 வயது மகள், 5 வயது மகன், 66 வயது அம்மா எல்லோரையும் கூட்டிக்கொண்டு எட்டு நாள் சீனாவின் குவாங்சோவுக்குப் போகிறீர்கள். குடும்பமாக வெளிநாடு போவது இதுதான் முதல் தடவை. ஒருவருக்கும் சீன மொழி தெரியாது. அம்மா முட்டைகூடத் தொட மாட்டார். போய் இறங்கிய முதல் இரண்டு மூன்று நாட்களை எப்படி ஓட்டுவது?

நான் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஜிப், பட்டன், லேஸ் வாங்கிக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். ஹைசூ பகுதியில் ஜோங்தா என்று ஒரு பெரிய துணி மார்க்கெட் உண்டு. அதற்காகப் பல வருடமாகக் குவாங்சோ போய் வருகிறேன். அந்தத் தெம்பில்தான் என் குடும்பத்தையும் ஒரு முறை கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் பகலிலேயே தெம்பு இறங்கிவிட்டது.

நடந்தது இது. விமான நிலையத்தில் நாங்கள் ஐந்து பேர், நான்கு பெட்டி. சாதாரண டாக்சியில் நான்கு பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். சரி, இரண்டு டாக்சி பிடித்தேன். முதல் காரில் நானும் பையனும் பெட்டிகளும். அடுத்ததில் மனைவி, அம்மா, மகள். ஹோட்டல் முகவரியை இரண்டு டிரைவருக்கும் என் ஃபோனிலேயே காட்டினேன். நான் போய் இறங்கி அரை மணி நேரமாகியும் அவர்கள் வரவில்லை. அதே பெயரில் அந்த ஊரில் இன்னொரு ஹோட்டலும் இருந்தது. இரண்டாவது டிரைவர் அவர்களை அங்கே கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். மனைவி கையில் ஒரு யுவான் கிடையாது. அவர் ஃபோனில் நெட்டும் கிடையாது, ஏனென்றால் என் ஹாட்ஸ்பாட்டை நம்பித்தான் வந்திருந்தார். டிரைவர் சத்தம் போடவில்லை. கார் பானட்டில் சாய்ந்து சிகரெட் பற்ற வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். கடைசியில் அந்த ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண் தன் ஃபோனில் மொழிபெயர்ப்பைத் திறந்து என் மகளிடம் கேட்டுக் கேட்டு, எங்கள் ஹோட்டலுக்குப் போன் போட்டுச் சேர்த்துவைத்தார். அம்மா காரிலிருந்து இறங்கியதும் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஏன்டா, கன்டெய்னர் கன்டெய்னரா சரக்கை ஊருக்குக் கொண்டுவர்றே, எங்க மூணு பேரைக் கொண்டுவந்து சேர்க்க முடியலையா?"

அதனால் உங்களுக்கு நான் சொல்வதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான் வரும். ஐந்து பேர் போனால், டாக்சியிலோ மெட்ரோவிலோ கழிப்பறை வாசலிலோ குடும்பம் எப்படியும் இரண்டாகப் பிரியும். பிரிந்த இரண்டு பாதியும் தனித்தனியாகக் காசு கொடுக்கவும் வழி பார்க்கவும் நான்கு வார்த்தை பேசவும் முடிய வேண்டும். எல்லாம் குடும்பத்தலைவர் ஃபோனில் இருக்கிறது என்ற ஏற்பாடு அந்த ஊருக்கு ஒத்துவராது.

முதலில் காசு. அங்கே பழம் விற்கும் அம்மாகூட க்யூஆர் அட்டைதான் நீட்டுவார். நீங்களும் மனைவியும் ஆளுக்கொரு ஃபோனில் அலிபே ஆப்பைப் போட்டு, பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே பெயர் கொடுத்து, ஆளுக்கொரு விசா அல்லது மாஸ்டர்கார்டை இணைத்துக்கொள்ளுங்கள். இதை வீட்டில் உட்கார்ந்து, ஒரு வாரம் முன்னாடியே செய்துவிட வேண்டும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைக்க பேங்க் ஆப்பில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதைத் தட்ட மறந்துவிட்டு அங்கே போய் முழித்தவர்கள் ஏராளம். அந்த ஊர் வாட்ஸ்அப் மாதிரியான வீசாட்டிலும் இதே வசதி உண்டு. ஆனால் புதுக் கணக்கு தொடங்கும்போது, ஏற்கெனவே வீசாட் வைத்திருக்கும் ஒருவர் உங்களுக்காக உறுதி சொல்ல வேண்டும் என்று சில சமயம் கேட்கும். அது இரண்டாவது துணையாக இருக்கட்டும்.

200 யுவான் வரையிலான பில்லுக்கு அலிபே தனிக் கட்டணம் எடுப்பதில்லை. அதைத் தாண்டினால் 3 சதவீதம் பிடிக்கும். இதற்கு மேல் உங்கள் பேங்க் தன் பங்குக்கு எடுப்பது தனி. ஒரு யுவான் 12, 13 ரூபாய் என்று மனதில் வைத்துக்கொண்டால் கணக்குப் போட எளிது.

இன்னொரு நுணுக்கம். தள்ளுவண்டிக்காரர் சிலர் கடைக்கான க்யூஆருக்குப் பதிலாக, சொந்தக் கணக்குக்குப் பணம் வாங்கும் க்யூஆரை வைத்திருப்பார்கள். வெளிநாட்டுக் கார்டிலிருந்து அதற்குப் போகாமல் மறுத்துவிடலாம். உங்கள் ஃபோன் கெட்டுப்போனதாக நினைத்துப் பதற வேண்டாம். 5, 10, 20 யுவான் தாள்களாக முந்நூறு யுவான் உங்கள் பர்சிலும், முந்நூறு மனைவி பர்சிலும், நூறு அம்மாவின் சுருக்குப்பையிலும் இருந்தால் போதும். 100 யுவான் தாளாகக் கொண்டுபோனால் சில்லறை இல்லை என்று கையை விரிப்பார்கள். அங்கே பேங்குகளில் சில்லறைத் தாள்களைச் சின்னக் கவரில் போட்டே கொடுக்கிறார்கள். பணம் மாற்றும்போது கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் சிம். கூகுள், வாட்ஸ்அப், யூடியூப், இன்ஸ்டாகிராம் எதுவும் அங்கத்திய நெட்டில் திறக்காது. ஹோட்டல் வைஃபையிலும் அப்படித்தான். ஆனால் நம்மூர் சிம்மில் ரோமிங் பேக் போட்டுப் போனால் டேட்டா நம் கம்பெனி வழியாகவே சுற்றிவருவதால் வாட்ஸ்அப் வழக்கம்போல ஓடும். பயணத்துக்கென்று விற்கும் இ-சிம்களிலும் பெரும்பாலும் இதே கதைதான். விமான நிலையத்தில் விற்கும் உள்ளூர் சிம் மலிவு என்று வாங்கினால், ஊரில் இருக்கும் மாமனாருக்குப் போட்டோ அனுப்ப முடியாது. ரோமிங்கில் இன்னொரு லாபம், பேங்க் அனுப்பும் ஓடிபி வந்து சேரும். இது வரவில்லை என்றால் மேலே சொன்ன கார்டு ஏற்பாடு முழுவதும் பாதியில் நின்றுவிடும். பேக் ஒன்று போதாது, உங்களுக்கொன்று, மனைவிக்கொன்று.

வழி பார்க்க, காவ்டே என்ற சீன மேப்பில் இப்போது ஆங்கிலமும் வருகிறது. ஐஃபோனில் இருக்கும் ஆப்பிள் மேப்பும் அங்கே நன்றாக வேலை செய்யும். கூகுள் மேப் திறந்தாலும் அதை நம்பி நடக்காதீர்கள். புள்ளி கொஞ்சம் தள்ளித்தான் விழும். மொழிபெயர்ப்பு ஆப்பில் சீன மொழியை ஊரிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாத போதும் உதவும்.

டாக்சிக்கு அலிபேக்குள்ளேயே தீதி இருக்கிறது, நம்மூர் ஓலா மாதிரி. ஐந்து பேருக்கு ஆறு இருக்கை வண்டி தேர்ந்தெடுக்கலாம். கொஞ்சம் கூடத்தான் ஆகும், நான் பட்டதைப் பார்க்கும்போது அது காசே இல்லை. ஏறியதும் டிரைவர் ஏதோ கேட்பார். பெரும்பாலும் உங்கள் ஃபோன் நம்பரின் கடைசி நான்கு எண்ணைத்தான் கேட்கிறார். அந்த நான்கையும் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் காட்டுங்கள், தலையாட்டிவிட்டு வண்டியை எடுப்பார்.

விமான நிலையத்தில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. விசா ஊரிலேயே வாங்கியிருப்பீர்கள். வருகை அட்டையை 2025 நவம்பர் 20 முதல் ஆன்லைனிலேயே நிரப்பலாம். ஐந்து பேருக்கும் கிளம்பும் முன்பே நிரப்பிவிட்டால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேனா தேட வேண்டியதில்லை. 14 வயதுக்கு மேல் 70 வரை விரல் ரேகை எடுப்பார்கள். அம்மாவின் ரேகை தேய்ந்திருந்தால் மெஷின் இரண்டு மூன்று தடவை கேட்கும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பையில் பழம், பச்சைக் கறிவேப்பிலை, நெய், பால்கோவா எதுவும் வேண்டாம். சுங்கத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். பருப்புப்பொடி, ஊறுகாய், புளிக்காய்ச்சல் எல்லாம் பாட்டிலில் மூடிப் பெட்டியில் வையுங்கள்.

ஹோட்டலில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள், குழந்தைகளுடையதும் சேர்த்து. வெளிநாட்டுக்காரர் வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிவாக வேண்டும் என்பது அங்கே சட்டம். ஹோட்டல் என்றால் அவர்களே செய்துவிடுவார்கள். யாருடைய வீட்டிலாவது தங்கினால் அந்தப் பதிவை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை ஹோட்டலே போதும். அதிகாலையில் போய் இறங்கும் விமானமாக இருந்தால் முந்தின ராத்திரிக்கும் சேர்த்தே ரூம் போடுங்கள். செக்-இன் பெரும்பாலும் மதியம் இரண்டு மணிக்குத்தான். அம்மாவையும் பையனையும் வைத்துக்கொண்டு லாபி சோபாவில் ஏழு மணி நேரம் தள்ள முடியாது. (நவம்பர் கடைசி நல்ல நேரம்தான். அக்டோபர் 15 முதல் நவம்பர் 4 வரை கேன்டன் சந்தை என்ற பெரிய வணிகக் கண்காட்சி நடக்கும். அப்போது ரூம் வாடகை தாறுமாறாக ஏறும்.) ரூம் போடும் முன் குளியலறைப் படத்தைப் பாருங்கள். பல ஹோட்டல்களில் குளியலறைக்கும் படுக்கைக்கும் நடுவில் வெறும் கண்ணாடிச் சுவர். அம்மாவும் மருமகளும் ஒரே ரூம் என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

வரவேற்பில் ஹோட்டல் விசிட்டிங் கார்டு ஐந்து வாங்கி ஐந்து பேர் பாக்கெட்டிலும் ஒன்று போடுங்கள். சீன எழுத்தில் முழு முகவரியும் இருக்கும். நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

எங்கே தங்குவது என்று கேட்டால் ஷியாவ்பே, தாவ்ஜின் பக்கம் பாருங்கள். இரண்டுமே மெட்ரோ 5ஆம் லைனில் இருக்கின்றன. இந்திய, அரபு, ஆப்பிரிக்க வியாபாரிகள் புழங்கும் இடம் என்பதால் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் கிடைக்கும். தினமும் அங்கே சாப்பிடச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி அம்மாவுக்கு ஒரு பருப்பும் சோறும் கிடைக்கும் என்ற தைரியத்துக்காகச் சொல்கிறேன்.

இனி அம்மாவின் சாப்பாடு. 'வோ ச்சு சூ' என்றால் நான் சைவம் என்று பொருள். சொல்லலாம், ஆனால் அதை நம்பிச் சாப்பிடக் கூடாது. அவர்கள் கணக்கில் தட்டில் கறித்துண்டு தெரியாவிட்டால் அது காய்கறிதான். கீரையைச் சிப்பியில் செய்த சாஸ் ஊற்றி வதக்குவார்கள். டோஃபுவின் மேல் கொத்துக்கறி தூவுவார்கள். வெறும் காய் சூப்பில் கோழிப்பொடி விழும். வதக்கும் எண்ணெய் பன்றிக் கொழுப்பாக இருக்கும். யாரும் ஏமாற்றுவதில்லை, அவர்கள் சமையல் அப்படி. அதனால் "இறைச்சி, மீன், இறால், முட்டை, சிப்பி சாஸ், கோழிப்பொடி, பன்றிக் கொழுப்பு எதுவும் சேர்க்காதீர்கள்" என்று சீனத்தில் எழுதி வாங்கி, படமாக அம்மா ஃபோனிலும் உங்கள் ஃபோனிலும் வைத்துக்கொள்ளுங்கள். சமையல்காரரிடமே கொண்டுபோய்க் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. பெரிய புத்தர் கோவில்களை ஒட்டிச் சைவச் சாப்பாட்டுக் கடை இருப்பது வழக்கம். அங்கே வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். அம்மாவைக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வைக்கலாம்.

காலைக்கு ஒரு வழி இருக்கிறது. குவாங்சோவில் காலையில் கஞ்சிக் கடைகள் திறந்திருக்கும். பல கஞ்சிகளில் மீனும் பன்றியும் இருக்கும், ஆனால் 'பாய் ட்ஸோவ்' என்று கேட்டால் வெறும் வெள்ளைக் கஞ்சி வரும். ஆங்கிலத்தில் அதைக் குறிக்கும் 'காஞ்சி' என்ற சொல்லே நம் கஞ்சியிலிருந்து போனது. என் அம்மா முதல் நாள் காலையில் அந்தக் கிண்ணத்தைச் சந்தேகமாகப் பார்த்தார், முகர்ந்தார், கைப்பையைத் திறந்து நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்து ஓரத்தில் வைத்தார். கரண்டி கீழே போகவில்லை. இரண்டாவது கிண்ணம் கேட்டார். கடைக்கார அம்மா எட்டிப் பார்த்து ஊறுகாயில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்து, முகம் முழுக்கச் சுருங்கி, பிறகு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எங்கள் பயணத்தில் எடுக்காமல் விட்ட போட்டோ அதுதான்.

ஊர்ச் சாப்பாட்டில் காரமே இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு அது வசதி. முட்டை சாப்பிடும் பிள்ளைகள் என்றால் தக்காளி முட்டை வதக்கலும் சோறும் எந்தச் சின்னக் கடையிலும் கிடைக்கும். தயிர் என்று வாங்கினால் பெரும்பாலும் இனிக்கும். சர்க்கரை சேர்க்காதது என்று தேடி வாங்காவிட்டால் தயிர்சாதம் பாயசம் ஆகிவிடும். நேரமும் முக்கியம். நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறார்கள். மதியச் சாப்பாடு பதினொன்றரைக்கே தொடங்கி, இரண்டு மணிக்குப் பல அடுக்களைகள் படுத்துவிடும். நம் வயிற்றுக்கு அப்போதுதான் பதினொன்றரை. முதல் இரண்டு நாள் கையில் பிஸ்கட், வாழைப்பழம் வைத்திருங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது. ரூமில் கெட்டில் இருக்கும், ரயில் நிலையத்தில் கொதிநீர்க் குழாய் இருக்கும், கடைகளிலும் வெந்நீர்தான் கொடுப்பார்கள். அம்மாக்கள் இந்த ஒரு விஷயத்தில் சீனாவை உடனே ஏற்றுக்கொள்கிறார்கள்.

எங்கே போவது? முதல் நாள் எங்கேயும் போகாதீர்கள். தூங்கி எழுந்து, சாயங்காலம் பக்கத்துத் தெருவில் ஒரு நடை. பழம் வாங்குங்கள், தண்ணீர் வாங்குங்கள், மனைவியை அவர் ஃபோனில் பணம் கட்டச் சொல்லுங்கள். இதுதான் அன்றைய வேலை. ஏழு மணிக்கு மேல் ஏதாவது ஒரு சின்னத் திடலில் ஸ்பீக்கர் வைத்துக்கொண்டு பாட்டிமார் வரிசையாக ஆடுவார்கள். அம்மாவை அங்கே ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டால் ஒரு மணி நேரம் கவலை இல்லை.

இரண்டாம் நாள் ஷாமியான் தீவு. 1859க்குப் பிறகு பிரிட்டிஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் குடியிருந்த இடம். பெரிய மரங்கள், பழைய கட்டடங்கள், வண்டி நடமாட்டம் குறைவு. பையனை ஓடவிட்டு நீங்கள் மூச்சு வாங்கலாம். ஹுவாங்ஷா மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடை தூரம்தான். அங்கிருந்து ஆற்றைக் கடக்க ஊர்க்காரர்கள் ஏறும் சாதாரணப் படகு ஓடுகிறது. சில யுவான்தான், பிள்ளைகளுக்கு அதுவே போதும். ராத்திரி விளக்குப் படகுக்கு அவசரம் இல்லை.

அன்றே தெம்பு இருந்தால் சாங்ஷோவ் லூ நிலையத்தில் இறங்கி ஹுவாலின் கோவில். காஞ்சிபுரத்து இளவரசர் என்று நாம் சொல்லும் போதிதர்மர் 6ஆம் நூற்றாண்டில் கடல் வழியாக வந்து கரையேறிய இடம் இது என்பது அவர்கள் மரபு. அந்த இடத்துக்கே 'ஷீலாய் ச்சூதி', அதாவது மேற்கிலிருந்து வந்தவர் முதலில் கால் வைத்த இடம் என்று பெயர். இப்போது ஆறு அங்கே இல்லை. சுற்றிலும் ஜேட் என்ற பச்சைக்கல் நகைக் கடைகள். உள்ளே 500 அர்ஹத் (ஞானம் அடைந்த புத்தத் துறவிகள்) சிலைகள் உள்ள மண்டபத்தில் ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு மாதிரி. காஞ்சிபுரத்துக்காரர் என்று சொன்னதும் என் அம்மா செருப்பை வாசலில் கழற்றப் போய்விட்டார். அங்கே யாரும் கழற்றுவதில்லை.

மூன்றாம் நாளுக்கு மேல் உங்கள் விருப்பம். பான்யூவில் இருக்கும் சிம்லாங் சஃபாரி பூங்காவில் 2014இல் ஒரே பிரசவத்தில் பிறந்து மூன்றும் பிழைத்த பாண்டாக்களின் கதையை மகளுக்குச் சொல்லிக் கூட்டிப் போங்கள், ஒரு முழு நாள் வேண்டும். அங்கே போகும் மெட்ரோ 3ஆம் லைன், காலையிலும் மாலையிலும் நம்ம ஊர் தீபாவளி பஸ்தான். ஒன்பதரைக்கு மேல் ஏறுங்கள்.

மெட்ரோவில் ஒரு குடும்பச் சிக்கல் உண்டு. ஒரு ஃபோனில் இருக்கும் க்யூஆரைக் காட்டினால் ஒருவர்தான் உள்ளே போக முடியும். ஆகவே ஃபோன் இல்லாதவர்களுக்கு மெஷினில் ஒற்றைப் பயண டோக்கன் எடுங்கள். கேரம் காய் மாதிரி வட்டமாக இருக்கும். போகும்போது தொட்டுவிட்டு, வெளியே வரும்போது துளையில் போட வேண்டும். பையனிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவான், என் பையன் தொலைத்தான். எல்லோரும் ஒன்றாக நின்று, பெரியவர் ஒருவர் முதலில், பிள்ளைகள் நடுவில், இன்னொரு பெரியவர் கடைசியில் போங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் பையை ஸ்கேன் செய்வார்கள். தண்ணீர் பாட்டில் இருந்தால் ஒரு வாய் குடித்துக் காட்டச் சொல்லலாம்.

கழிப்பறை பற்றிக் கேட்க வெட்கப்பட்டிருப்பீர்கள். பொது இடங்களில் நம்மூர் மாதிரி குத்தவைத்து உட்காரும் வகைதான் அதிகம், அம்மாவின் முழங்கால் அதைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாள் இருக்காது, தண்ணீரும் இருக்காது. டிஷ்யூவும் மடக்கக்கூடிய ஒரு சின்னத் தண்ணீர்க் குவளையும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

கடையில் பணிப்பெண்ணைக் கூப்பிட 'லெங் லுயி' என்பார்கள், அழகுப் பெண்ணே என்று பொருள். ஐம்பது வயதுக்காரரையும் அப்படித்தான். விலை பெரும்பாலும் கால்குலேட்டரில் வரும். விரலில் காட்டினால் குழம்பாதீர்கள்: கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் 6, கட்டைவிரலும் ஆள்காட்டியும் நீட்டினால் 8. நான் 8ஐ 2 என்று நினைத்து ஒரு தொப்பிக்குப் பேரம் பேசியிருக்கிறேன். பிள்ளைகளோடு போட்டோ எடுக்கக் கேட்பார்கள், பையனின் கன்னத்தைத் தொடவும் பார்ப்பார்கள். மகளுக்குப் பிடிக்கவில்லை என்றால் கையை ஆட்டி மறுத்தால் போதும், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 120. இந்தியத் துணைத் தூதரகம் அந்த ஊரிலேயே இருக்கிறது. அந்த நம்பரை ஃபோனில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதிவையுங்கள்.

பெட்டியில் போடுவதில் இரண்டு. நம்மூர் மூன்று கால் தடி பிளக் அங்கே நுழையாது, இரண்டு கால் சார்ஜர்களாக எடுத்துப்போங்கள். பவர் பேங்கில் சீனாவின் '3சி' என்ற பாதுகாப்பு முத்திரை இல்லாவிட்டால், 2025 ஜூன் 28 முதல் அவர்கள் உள்நாட்டு விமானங்களில் விடுவதில்லை. வேறு ஊருக்கு விமானத்தில் போகும் எண்ணம் இருந்தால் முத்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் போனால் இன்னும் நிம்மதி.

அம்மாவிடம் இருப்பது பட்டன் ஃபோனா, டச் ஃபோனா என்று எழுதுங்கள். பட்டன் ஃபோன் என்றால் மொழிபெயர்ப்பு, சைவ அட்டை, ஹோட்டல் முகவரி மூன்றையும் தாளில் அச்சடித்து லேமினேட் செய்து கழுத்தில் மாட்ட ஒரு அட்டை தயார் செய்ய வேண்டும். என் அம்மாவுக்குச் செய்தது இன்னும் பீரோவில் இருக்கிறது, படம் எடுத்து அனுப்புகிறேன்.